மறுகா

வெள்ளி மாலை ஐந்தரைக்குப்
பழைய வழுப்பதிவேட்டைப் பூட்டினார்கள்.
பூட்டுவது என்றால் சாவி கிடையாது.
எழுதும் பெட்டிகள் சாம்பல் நிறமாயின,
அவ்வளவுதான்.
கீழே டயர் கடையில்
யாரோ காற்றடித்துக்கொண்டிருந்தார்கள்.

பதினொரு வருடம்.
கதிரையை இழுக்க முன்னமே
விரல் நாலு இலக்கத்தை அடித்துவிடும்.
வழுக்களுக்கு எங்களிடம் பெயரில்லை,
எண்தான் பெயர்.
"நாலாயிரத்து நூற்றிப் பதினேழு எப்படி?"
என்று கேட்டால்
"ராவைக்குக் கொஞ்சம் சுகம்" என்பான் கிருபைராசன்,
வார்ட்டில் நிற்கிற ஆளைப்போல.

திங்கட்கிழமை
நாலாயிரத்து நூற்றிப் பதினேழு
முப்பத்தெட்டு ஆகியிருந்தது.
பட்டியல் இருந்த இடத்தில் பலகை.
பலகையில் மூன்று நிரல்.
அட்டையைப் பிடித்து இழுக்க வேண்டுமாம்.
இழுத்தேன்.
கைதவறி ஒன்று 'முடிந்தது' என்பதற்குள் விழுந்தது.
கொழும்பிலிருந்து உடனே பாராட்டு வந்தது.

பயிற்சி தந்த சேர் ஜன்னலைக் காட்டினார்:
"கல்லடிப் பாலம் மாதிரி யோசியுங்க.
புதுசு வந்தா புதுசாலதானே போறம்?"
பின்வரிசையிலிருந்து ஷாமிலா:
"பழசை இன்னும் கழட்டல்லியே சேர்.
நான் நடந்து வாறது அதாலதான்."
வாவியில் வெயில் தகரம்போலக் கிடந்தது.
சேர் அடுத்த படத்துக்குப் போனார்.

பழையதில் ஒரு நிலை இருந்தது.
தீர்ந்ததென்று மூடிய வழு
திரும்ப எழும்பி வந்தால் அதன் நெற்றியில் ஒட்டுவது.
ஆங்கிலச் சொல்லை அழித்துவிட்டு
எவரோ ஒருநாள் 'மறுகா' என்று தட்டிவிட்டார்கள்.
எங்கள் ஊரில் 'பிறகு' என்பதும் அதுதான்,
'திரும்பவும்' என்பதும் அதுதான்.
கொழும்பு அதைத் தொழில்நுட்பச் சொல்லென்று நம்பி
அறிக்கையில் எழுதிக்கொண்டிருந்தது:
இந்தக் கிழமை மூன்று மறுகா.

புதியதற்கு அந்தச் சொல் தெரியாது.
தெரியாததை வெறுமையாய் எடுத்துக்கொண்டது.
அறுபத்திரண்டு அட்டைகள்
நெற்றியில் ஒன்றுமில்லாமல்.

பிறகு, இலக்கண வகுப்பில் படித்தோமே
வழு, வழாநிலை, வழுவமைதி என்று,
அந்த மூன்றாவதற்கு இங்கே நிரலே இல்லை.
பிழைதான், ஆனாலும் இருக்கட்டும் என்று
நாங்கள் ஒப்புக்கொண்டவை எங்கே போவது?
இரண்டாயிரத்து அறுநூற்றி நாலு:
நோயாளிக்குப் பிறந்த திகதி தெரியாவிட்டால்
மென்பொருள் தானாகவே
ஜனவரி ஒன்று என்று எழுதிக்கொள்ளும்.
ஒருமுறை திருத்தினோம்.
வாகரைக் கிளினிக்கிலிருந்து மிஸ் எடுத்து ஏசினா:
"வெறுமையா விட்டா பதியுதில்ல.
வரிசையில நிக்கிற சனத்துக்கு நான் என்ன சொல்ல?"
திருத்தத்தைத் திருப்பி எடுத்தோம்.
அடியில் நிரோசன் ஒரு குறிப்பு வைத்தான்:
பிழை. தொட வேண்டாம்.
அவன் இப்போது கட்டாரில்.
புதியதில் அவன் பெயர்
'முன்னாள் பயனர் 9'.

ஒற்றை றூள் கொப்பி ஒன்று வாங்கினேன்.
இடப்பக்கம் பழைய எண், வலப்பக்கம் புதியது,
பென்சிலால், அழிக்க வசதியாக.
கணினிக் கொம்பனியில் கொப்பியா என்று
தேத்தண்ணி கொண்டுவரும் பெடியனும் சிரித்தான்.
சிரித்தவர்கள் எல்லோரும்
ஆளில்லாத நேரத்தில் அதைப் புரட்டினார்கள்.
சேரும்.

மூன்றாம் கிழமை ஷாமிலா கேட்டாள்:
"இரண்டாயிரத்து அறுநூற்றி நாலு எங்க?"
"முந்நூற்றிப் பதினொண்டு" என்றேன்.
சொன்ன பிறகுதான் தெரிந்தது,
கொப்பி மூடியே கிடந்தது.
கொஞ்சம் கோபம் வந்தது.
யாரோடு என்று தெரியவில்லை.
விரலோடாக இருக்கலாம்.

அன்றைக்கு அவள் ஒரு சிட்டை செய்தாள்,
செம்மஞ்சள் நிறத்தில், நாலெழுத்து.
அனுமதி கேட்கவில்லை.
வெறும் நெற்றிகளைத் தேடித்தேடி ஒட்டினோம்,
நான் எண்ணைச் சொல்ல அவள் இழுக்க,
ஐம்பத்தேழு, ஐம்பத்தெட்டு.
கரண்ட் போனது.
விசிறி ஓய்ந்து ஓய்ந்து நின்றது.
இருட்டில் அவள் பையை எடுக்கும் சத்தம்.

"மிச்சம் நாலுதானே.
மறுகா பாப்பம்."